பெலதியாஸ்: உள்ளே பாதாம் இருந்தால் சாப்பிடலாமா?

கேள்வி: வயது 44. ஸ்பெயினில், வலென்சியாவில் வேலை பார்க்கிறேன். நான்கு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறேன். கிறிஸ்துமஸ் வந்தால் அலுவலகத்தில் பெலதியாஸ் என்ற வெள்ளை மிட்டாயை டப்பா டப்பாவாக வைக்கிறார்கள். உள்ளே பாதாம்தானே, சாப்பிடலாமா? மூன்று வயது மகனும் கேட்டு அழுகிறான்.

பதில்: மகன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். சர்க்கரைக்காகச் சொல்லவில்லை. முழுப் பாதாமே சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து. அதற்குமேல் கெட்டியான, வழவழப்பான பூச்சு வேறு. கடிக்க வராமல் வாயில் உருட்டிக்கொண்டே சிரித்தாலோ ஓடினாலோ மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஸ்பெயின் குழந்தை மருத்துவர்களும் ஐந்து வயதுக்குமுன் முழுக் கொட்டைகள் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். ஞானஸ்நான விருந்துகளில் இதைக் கொடுப்பது அங்கே பழைய வழக்கம்; அங்கெல்லாம் பையன்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

தப்பித் தின்று, புரையேறி, பலமாக இருமி, அப்புறம் சரியாகிவிட்ட மாதிரி தெரிந்தாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். துண்டு கீழே இறங்கி, பெரும்பாலும் வலது நுரையீரலுக்குப் போகும் குழாயில், உட்கார்ந்திருக்கலாம். பாதாம் எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது. அதனால் எக்ஸ்ரே நார்மல் என்றாலும், 'பாதாம் தின்றான், அன்றிலிருந்துதான் இருமல்' என்பதை மறக்காமல் சொல்லுங்கள். இருமக்கூட முடியாமல் திணறினால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரை 112-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள்.

சரி, உங்கள் விஷயம். வெறும் பாதாம் நல்லதுதான்: 100 கிராமில் சுமார் 21 கிராம் புரதம், 12 கிராம் நார்ச்சத்து. ஆனால் பெலதியாஸ் செய்யும்போது தோலை உரித்துவிட்டு, சுழலும் கொப்பரையில் போட்டு, பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடுக்கு அடுக்காகச் சர்க்கரையை ஏற்றுகிறார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். 'அசூகார்' (சர்க்கரை) முதலிலும் 'அல்மென்த்ரா' (பாதாம்) அடுத்தும் இருந்தால், நீங்கள் சாப்பிடுவது பாதாம் கலந்த சர்க்கரை. பேர்போன காசினோஸ் ஊர்ச் சரக்காக இருந்தாலும் இதே கணக்குத்தான். அல்கலா தே எனாரெஸ் என்ற ஊரில் கன்னியர் மடத்தில் விற்கும், பாகில் புரட்டிய கர்ரபின்யாதாஸில் பாதாம் தோலோடு இருக்கும். அதற்காகச் சர்க்கரை குறைந்துவிடாது.

உங்கள் மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7-க்குள் இருந்தால், பண்டிகை நாளில் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு ரொட்டியிலோ சோற்றிலோ கொஞ்சம் குறையுங்கள். டப்பாவை மேசையில் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதுதான் கூடாது, எண்ணிக்கையே தெரியாது. சர்க்கரை இல்லாதது என்று விற்கும் வகைகளில் பல நேரம் மால்டிடால் என்ற மாற்று இனிப்பைச் சேர்த்திருப்பார்கள். அதுவும் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும்; அளவு மீறினால் வயிறு உப்பி, பேதியும் ஆகும். பல்லில் கேப் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தால் கடிக்காதீர்கள்.