உகாண்டாவில் இரண்டு வார ஊழியம்: வாசகர் கேள்விகள்

உகாண்டா சபைகளின் அழைப்பை ஏற்று, குறுகிய கால ஊழியத்துக்குக் கிளம்பும் குழுக்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். அழைத்த சபைக்குப் பாரமாக இல்லாமல் போய்வருவது எப்படி என்பதுதான் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கிறது. பதில்களும் அதை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

கேள்வி: ஜனவரி 10-ம் தேதி விமானம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை எப்போது போட வேண்டும்? குழுவில் 63 வயது அண்ணன் ஒருவரும் வருகிறார். (பாளையங்கோட்டை வாசகர்)

ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். அந்தக் கணக்குப்படி டிசம்பர் 31 கடைசி நாள். ஆனால் அதுவரை காத்திருந்தால் பயணமே போய்விடும். விசா விண்ணப்பத்தோடு இந்தச் சான்றிதழையும் இணைக்க வேண்டும் என்பதால் நவம்பரிலேயே ஊசியை முடித்துவிடுங்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால்தான் முன்பதிவு, குறிப்பிட்ட நாள் என்றெல்லாம் வைத்திருக்கிறார்கள். நினைத்த நாளில் போய் நின்றால் திரும்பி வர நேரிடும்.

சான்றிதழாகத் தரும் மஞ்சள் நிறப் புத்தகத்தில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். இனிஷியல் ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் விரிவாகவும் இருப்பது நம்மவர்களுக்கு வழக்கமான சிக்கல். கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஊசி போட்டவர்கள் மறுபடி போட வேண்டியதில்லை. 2016 ஜூலை 11 முதல் பழைய பத்தாண்டுச் சான்றிதழ்களும் ஆயுள் முழுவதும் செல்லும்.

அண்ணன் விஷயம் தனி. 60 வயதுக்கு மேல் முதல்முறையாகப் போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதே என்றாலும், சற்று அதிகம். முட்டை ஒவ்வாமை, தைமஸ் சுரப்பிக் கோளாறு, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவர் சொல்லே முடிவு. சான்றிதழ் இல்லாமல் போய்த் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். இதில் தளர்வை எதிர்பார்க்க வேண்டாம். மருத்துவர் வேண்டாம் என்றால் அண்ணன் ஊரில் இருந்தபடி ஜெபக்குழுவை நடத்தட்டும். அதுவும் ஊழியம்தான்.

கேள்வி: சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கிக்கலாமா? (நாகர்கோவில் வாசகி)

விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், புகைப்படம், தடுப்பூசிச் சான்றிதழ், திரும்பும் டிக்கெட், அழைப்புக் கடிதம் ஆகியவை தயாராக இருக்கட்டும். வருகையின் நோக்கத்தை மறைக்காதீர்கள். உகாண்டாவில் கிறிஸ்தவர்களே பெரும்பான்மை, சபை ஊழியத்துக்குத் தடையும் இல்லை. அப்படியிருக்க 'சும்மா சுற்றிப் பார்க்க' என்று பொய் சொல்லி ஊழியத்தைத் தொடங்குவது தேவையற்றது, தவறும்கூட. குறுகிய காலப் பணிக்கென 'ஸ்பெஷல் பாஸ்' என்ற அனுமதி இருக்கிறது. உங்கள் நிகழ்ச்சி நிரலைக் காட்டி, எந்த அனுமதி வேண்டும் என்று குடியேற்ற அலுவலகத்தில் கேட்டுச் சொல்லும்படி அழைக்கும் சபையிடமே கேளுங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

கேள்வி: மலேரியா மாத்திரை அவசியமா? எங்கள் ஊரிலும் கொசு இருக்கிறதே. (தூத்துக்குடி வாசகர்)

அவசியம். நம் ஊரில் மலேரியா வந்து குணமானவர்களுக்கும் அவசியம். உகாண்டாவில் பெரும்பாலும் இருப்பது ஃபால்சிபாரம் வகை. சிகிச்சை தாமதமானால் ஒரு சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரை எடுக்கக்கூடியது. ஆண்டு முழுவதும், நாட்டின் பெரும்பகுதியில் பரவுகிறது.

நம் மருத்துவர்கள் அதிகம் எழுதித் தருவது டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் ஒன்று. கிளம்ப ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கி, அங்கே இருக்கும் நாளெல்லாம் எடுத்து, திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். பலர் தவறுவது இந்தக் கடைசி நான்கு வாரத்தில்தான். வீட்டுக்கு வந்தாயிற்று என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கல்லீரலில் தங்கியிருக்கும் கிருமி ரத்தத்துக்குள் வரும்போது அதை அழிக்க மருந்து அங்கே இருக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த நான்கு வாரம். சாப்பிட்ட பின், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். பாலோடு வேண்டாம். விழுங்கிய உடனே படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். வெயிலில் தோல் சீக்கிரம் கறுத்து எரியும் என்பதால் தொப்பி வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் இந்த மாத்திரை கூடாது. அவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு.

மாத்திரை மட்டும் போதாது. மலேரியா கொசு சாயங்காலம் தொடங்கி விடியும்வரை கடிக்கும். மாலைக் கூட்டத்துக்கு முழுக்கைச் சட்டை, தூங்க மருந்து தோய்த்த கொசுவலை. வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகியபின் உள்ளே டார்ச் அடித்து ஒரு தடவை பாருங்கள்.

கேள்வி: 'மூன்று மணிக்குக் கூட்டம்' என்றார்கள். காலை ஒன்பதுக்கே வண்டி வந்து நின்றதாக முன்பு போனவர்கள் சொல்கிறார்கள். ஏன்? (மதுரை வாசகர்)

அங்கே பரவலாகப் பேசப்படும் லுகாண்டா மொழியில் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு முதல் மணி, ஒன்பது மணி மூன்றாம் மணி. ஆங்கிலத்தில் பேசும்போது பெரும்பாலும் நம்மைப் போலவே சொல்வார்கள். மொழிபெயர்த்துச் சொல்லும்போதுதான் குழப்பம் வரும். வேதாகமத்தில் ஒன்பதாம் மணி வேளை என்று வாசிக்கிற நமக்கு இது அந்நியமல்ல. நேரத்தோடு 'காலையா, மதிய உணவுக்குப் பிறகா' என்று சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

ஞாயிறு ஆராதனை மூன்று நான்கு மணி நேரம் போகலாம். அன்று பிற்பகலுக்கு வேறு நிகழ்ச்சி வைக்காதீர்கள். பணம் இல்லாதவர்கள் கோழி, மக்காச்சோளம், வாழைத்தார் என்று காணிக்கை கொண்டுவருவதும், ஆராதனை முடிவில் அவற்றை ஏலம் விடுவதும் பல சபைகளில் உண்டு. நம் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம் போலத்தான். நீங்களும் கேட்கலாம், ஆனால் விலையை ஏற்றி ஏற்றி ஊராரை ஓரங்கட்டாதீர்கள். எடுத்த கோழியைப் போதகர் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மொழிபெயர்ப்பாளரோடு பிரசங்கிக்க என்ன தயாரிப்பு வேண்டும்? (வேலூர் வாசகர்)

நாற்பது நிமிடம் கொடுத்தால் உங்கள் பங்கு இருபதே நிமிடம். ஊரில் பேசிய பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்து எழுதிக்கொண்டு போங்கள். ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம், அதுவும் முடிந்த வாக்கியம். பாதியில் நிறுத்தினால் லுகாண்டாவில் அதை அமைக்க அவருக்கு வழியே இருக்காது. முந்தின நாள் இரவே வசன இடங்களையும் உதாரணங்களையும் அவரிடம் காட்டுங்கள். கிரிக்கெட், தமிழ் சினிமா, நம் பழமொழி எதுவும் அங்கே எடுபடாது.

லுகாண்டாவில் முழு வேதாகமம் 1896-லேயே வந்துவிட்டது. மூத்த விசுவாசிகள் பலர் வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். வசன இடத்தைச் சொன்னதும் அவர்கள் புத்தகத்தைப் புரட்டி எடுக்கும்வரை காத்திருங்கள், உள்ளூர்க்காரர் ஒருவரே அதை வாசிக்கட்டும். சுவிசேஷம் தெரியாத ஜனங்களிடம் போகிறோம் என்ற எண்ணத்தோடு மேடை ஏறாதீர்கள். நமுகோங்கோவில் 1886 ஜூன் 3 அன்று, விசுவாசத்துக்காக உயிரோடு எரிக்கப்பட்ட இளைஞர்களின் நாடு அது. அந்த நாள் இன்றும் அங்கே அரசு விடுமுறை.

கேள்வி: குழுவில் இரண்டு நர்சுகளும் ஒரு டாக்டரும் இருக்கிறார்கள். மருத்துவ முகாம் நடத்தலாமா? (திருச்சி வாசகி)

தனியாக நடத்தாதீர்கள். இந்தியப் பதிவு அங்கே செல்லாது. வெளிநாட்டு மருத்துவர் நோயாளியைத் தொட அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலின் தற்காலிகப் பதிவு வேண்டும், நர்சுகளுக்கும் அவர்களுடைய கவுன்சில் இருக்கிறது. மருந்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போவதும் கூடாது. மருந்து இறக்குமதிக்குத் தேசிய மருந்து ஆணையத்தின் அனுமதி தேவை. காலாவதி நெருங்கிய சாம்பிள் மாத்திரைகளைச் சேர்த்து எடுத்துப் போவது அந்த மக்களுக்குச் செய்யும் அவமரியாதை.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. ஒரு நாள் முகாமில் ரத்த அழுத்தம் கண்டுபிடித்து ஒரு மாத மாத்திரை கொடுத்தால், இரண்டாம் மாதம் அந்த அம்மாவுக்கு யார் கொடுப்பார்? அருகிலுள்ள மிஷன் மருத்துவமனையிலோ அரசு சுகாதார மையத்திலோ அவர்கள் ஊழியர்களோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். நோயாளியின் சீட்டு அங்கேயே இருக்கும், தொடர்ந்து பார்க்க ஆள் இருக்கும். தேவையான மருந்தின் பட்டியலை அவர்களிடம் வாங்கி, பணத்தை அனுப்பிக் கம்பாலாவிலேயே வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு மிட்டாய், பேனா கொண்டுபோகலாமா? (சிவகாசி வாசகி)

கொண்டுபோனால் மொத்தத்தையும் ஞாயிறுபள்ளி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். வண்டியிலிருந்து நீங்களே நீட்டினால் பெரிய பையன்கள் பிடுங்குவார்கள், சின்னதுகள் விழுந்து அடிபடும். அடுத்து வரும் எந்த அந்நியரிடமும் ஓடிப்போய்க் கைநீட்டப் பழகிவிடுவார்கள். பெற்றோர் சம்மதமில்லாமல் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். எந்தப் பிள்ளையோடும் குழுவினர் யாரும் தனியறையில் இருக்கக்கூடாது, எப்போதும் பெரியவர்கள் இருவர். அநாதை இல்லத்தில் இரண்டு நாள் கொஞ்சிவிட்டு வரும் நிகழ்ச்சியைத் தவிருங்கள். அங்குள்ள பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோரோ உறவினரோ உயிரோடு இருக்கிறார்கள். ஒட்டிக்கொண்டபின் மறைந்துபோகும் முகங்கள் அவர்களுக்கு இன்னொரு இழப்பு.

கேள்வி: சாப்பாடு, குளியல்? (கோவை வாசகி)

மத்தோகே என்பது வாழைக்காயை இலையில் பொதிந்து அவித்து மசித்தது. போஷோ என்பது மக்காச்சோள மாவுக் களி. கூடவே பீன்ஸ், கீரை, வேர்க்கடலைக் குழம்பு. காரம் இருக்காது, பருப்புப்பொடியும் ஊறுகாயும் ஒரு சிறு பாட்டில் போதும். விருந்தாளியின் தட்டில் நிறைய வைப்பார்கள், முதலிலேயே 'கொஞ்சம்' என்று சொல்லுங்கள். மீதி வைத்தால் சமைத்த அம்மா வருந்துவார்.

கிராமத்தில் தண்ணீர் 20 லிட்டர் மஞ்சள் கேனில் வரும். அது யாரோ ஒரு பிள்ளை தலையில் சுமந்து வந்ததாக இருக்கலாம், குளிக்க அரை வாளி போதும். குடிக்கும் தண்ணீர் நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து கலந்து குடியுங்கள். விக்டோரியா ஏரியில் கால்கூட நனைக்காதீர்கள். நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். ஞானஸ்நானம் ஏரியில் என்றால் உள்ளூர்ப் போதகர் கொடுக்கட்டும்.

கேள்வி: பணம், சார்ஜர்? (சென்னை வாசகர்)

டாலர் நோட்டுகள் 2009-க்குப் பிந்தைய அச்சாக, கிழிசல், மை இல்லாமல் இருக்க வேண்டும். 50, 100 நோட்டுகளுக்குக் கிடைக்கும் விலை சின்ன நோட்டுகளுக்குக் கிடைக்காது. உள்ளூர் சிம் வாங்கப் பாஸ்போர்ட் கேட்பார்கள். ஏர்டெல் அங்கும் உண்டு, ஆனால் நம் ஊர் எண் தானாக வேலை செய்யாது. பிளக் மூன்று சதுரக் கால் கொண்ட பிரிட்டிஷ் வகை. அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: திரும்பி வந்து மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால்? (தஞ்சாவூர் வாசகர்)

அன்றே மருத்துவரிடம் போய், 'ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்' என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு, டைஃபாய்டு என்று தேடுவதிலேயே இரண்டு நாள் போய்விடும். முதல் பரிசோதனையில் கிருமி தெரியாவிட்டாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை ஒழுங்காக எடுத்தவர்களுக்கும் இது பொருந்தும். குழுவில் ஒருவருக்கு உறுதியானால், காய்ச்சல் உள்ள மற்றவர்களும் அன்றே பரிசோதித்துக்கொள்ளும்படி குழுத் தலைவர் எல்லோருக்கும் போன் செய்ய வேண்டும்.