வெளிநாட்டு மின்சாதனமும் டிரான்ஸ்ஃபார்மரும்: கேள்வி-பதில்

லேப்டாப், போன் சார்ஜருக்கு டிரான்ஸ்ஃபார்மர் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் ‘இன்புட்: 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிளக் அடாப்டரே போதும்.

அமெரிக்காவில் வாங்கிய ஹேர் டிரையரை 230 வோல்ட் நாட்டில் வெறும் அடாப்டரோடு போடலாமா?

கூடவே கூடாது. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. 120 வோல்ட்டுக்கான சுருளில் 230 வோல்ட் ஏறினால், வெப்பம் கிட்டத்தட்ட 3.7 மடங்காகும். சுருள் பழுக்கக் காய்ந்து அறுந்துவிடும், பிளாஸ்டிக்கும் உருகலாம். இதற்காக டிரான்ஸ்ஃபார்மரைச் சுமப்பதைவிட, போன இடத்தில் ஒரு டிரையர் வாங்கிக்கொள்வதே மேல்.

750 வாட், 230 வோல்ட் மிக்ஸியை அமெரிக்காவில் ஓட்ட எவ்வளவு வாட் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்?

வேண்டியது 120 வோல்ட்டை 230 ஆக உயர்த்தும் ஸ்டெப்-அப் வகை. சரியாக 750 வாட்டுக்கு வாங்காதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். குறைந்தது 1,500 வாட் வாங்குங்கள். கையில் தூக்கினால் கனக்க வேண்டும். ஹீட்டருக்கென்று விற்கும் லேசான கன்வெர்ட்டர்கள் மோட்டாருக்கு ஆகாது. அரைத்து முடித்ததும் டிரான்ஸ்ஃபார்மரையும் அணைத்துவிடுங்கள். சும்மா இருக்கும்போதும் அது கரண்ட் தின்னும், சூடாகும்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் என் பழைய மேசைக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறதே?

டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை, மாற்றாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடும் 60 ஹெர்ட்ஸ் கடிகாரம், 50 ஹெர்ட்ஸ் நாட்டில் ஒரு மணி நேரத்துக்கு 50 நிமிடம்தான் காட்டும். கடிகாரத்தோடு போனால் பரவாயில்லை. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த ஃபிரிட்ஜ் கம்ப்ரசர், உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் உள்ள மைக்ரோவேவ் இரண்டும் 50 ஹெர்ட்ஸில் அளவுக்கு மீறிச் சூடாகும். இவற்றை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கார்பன் பிரஷ் வைத்த மிக்ஸி மோட்டாருக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

ஜப்பானில் ஒரே நாட்டுக்குள்ளேயே இந்தச் சிக்கல் உண்டு. எங்கும் 100 வோல்ட்தான், ஆனால் டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கியதன் விளைவு இது.

எர்த் இல்லாத டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று பின் சாதனத்தை மாட்டலாமா?

வேண்டாம். கடைகளில் கிடைப்பவற்றில் நிறைய ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். உள்ளே வரும் லைனும் வெளியே போகும் லைனும் ஒரே சுருளில் இருக்கும், அதனால் சாதனம் மெயின் லைனிலிருந்து பிரிக்கப்படுவதில்லை. சாதனத்துக்குள் ஒயர் கழன்று உலோக உடலைத் தொட்டால், உங்களைக் காப்பது அந்த எர்த் பின்தான்.