அசனக் கணக்கில் எடுத்த பணமும் நின்றுபோன ஜெபமும்

ஐயா,

திசையன்விளை பக்கம் ஒரு கிராமம். எங்கள் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையின் வரவு செலவு என் பொறுப்பு. போன வருஷம் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட அதில் 20,000 ரூபாய் எடுத்தேன். அரிசி, கறி விலையைக் கூட்டி எழுதிச் சரிக்கட்டினேன். யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம் முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. நற்கருணை ஞாயிறு என்றால் சாக்குச் சொல்லி வெளியூர் போய்விடுகிறேன். தூக்கமும் சரியில்லை. கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டாரா? பணத்தைப் பேர் எழுதாமல் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடட்டுமா?

அன்புள்ள தம்பி,

பெட்டியில் போடாதீர்கள். பணம் வந்து சேரும், பொய்க் கணக்கு அப்படியே நிற்கும். நாளைக்கு யாராவது கடையில் விலை விசாரித்தால், அரிசி வாங்கப் போன ஆள்மேல்தான் பழி விழும்.

கர்த்தர் கைவிடவில்லை. 32-ம் சங்கீதத்தில் தாவீது, பாவத்தைச் சொல்லாமல் மறைத்த நாட்களைப் பற்றி "நான் அடக்கிவைத்தமட்டும்" என்கிறாரே, அந்த நிலைதான் இது. இந்த ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்றதற்கெல்லாம் ஜெபிக்கப் பார்க்கிறீர்கள். மனசு அங்கேயே போய் முட்டுகிறது.

இன்று ராத்திரியே மனைவியிடம் முழுத் தொகையையும் சொல்லுங்கள். "கொஞ்சம் பணம்" என்று ஆரம்பித்தால், பிறகு தெரியவரும் ஒவ்வொரு ஆயிரமும் அவருக்குப் புதுத் துரோகம். "மகளுக்காகத்தானே" என்றும் சொல்லாதீர்கள். அந்தப் பாரம் பிள்ளை தலையில் இறங்கிவிடும்.

இந்த வாரமே உங்கள் சபைப் போதகரான ஐயரை, அவர் குடியிருக்கும் குருமனையில் தனியாகப் பாருங்கள். எந்தச் செலவில் எவ்வளவு கூட்டினீர்கள், உண்மை விலை என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. உங்களுக்கு 24,000, மாதம் 2,000 வீதம் ஒரு வருஷம். சம்மதம் கேட்டு, மாதாமாதம் ரசீது வாங்குங்கள். ஒரே தவணையில் அடைக்கிறேன் என்று கந்துவட்டிக்குப் போய்விடாதீர்கள். கணக்கு நோட்டையும் அன்றே ஒப்படையுங்கள். பொறுப்பு போகும், வாதாட வேண்டாம்.

ஜெபத்தை அதுவரை தள்ளிப்போடாதீர்கள். காலையில் பத்து நிமிஷம் போதும். 51-ம் சங்கீதத்தில் தினம் மூன்று வசனம் வாய்விட்டு வாசித்து, அந்த 20,000-ஐத் தொகை சொல்லியே அறிக்கையிடுங்கள். கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று "இனி தினமும் நாலு மணிக்கு" என்று பொருத்தனை பண்ணி, ஒரே வாரத்தில் விட்டுவிட்டு, முன்னிலும் தூரமாய் விலகிப்போகிறவர்கள் உண்டு. ஒரு நாள் தவறினால் மறுநாள் விட்ட வசனத்திலிருந்து வாசியுங்கள், அவ்வளவுதான்.

கடன் முழுதும் அடைந்தால்தான் நற்கருணை என்று நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். ஐயரிடம் பேசும்போது அதையும் கேளுங்கள். மத்தேயு 5:24 முதலில் ஒப்புரவாகச் சொல்கிறது. பிறகு வந்து காணிக்கையைச் செலுத்தவும் சொல்கிறது.

இரண்டு வாரமாகியும் தூக்கம் திரும்பாவிட்டால் மனைவியோடு பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள்.