அப்பத்தா பெட்டியைச் சுரண்ட விடாதீர்கள்

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அப்பத்தா வீட்டில் கிடந்த தேக்குப் பெட்டி ஒன்று, பிரம்பு கிழிந்த சாய்வு நாற்காலி ஒன்று, பச்சை பெயிண்ட் அடித்த முக்காலி ஒன்று. எல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கிறது. பாலிஷ்காரர் மெஷின் வைத்து இழைக்க 18,000 கேட்கிறார், இன்னொருவர் பெட்டியைக் கொடுத்தால் புது இரும்பு பீரோ தருகிறேன் என்கிறார், என் கையில் இருப்பதோ 3,000 ரூபாய், என்ன செய்வது என்கிறார்.

முதலில் இரண்டு பேரையும் அனுப்பிவிடுங்கள். அந்தக் கறுப்பில் பெரும்பகுதி மரத்தின் நிறமே இல்லை, அடுப்புப் புகையும் எண்ணெய்க் கையும் தூசியும் வருஷக்கணக்கில் சேர்ந்த அழுக்கு. பழைய துணியில் டர்பன்டைன் தொட்டு, பெட்டியின் பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்து மரம் தெளிந்தால் பாதி வேலை முடிந்தது. அதே இடத்தில் பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள், கொஞ்ச நேரத்தில் பிசுபிசுவென்று ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். பழைய செட்டிநாட்டுச் சாமான்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். அரக்கு ஸ்பிரிட்டில் திரும்பக் கரையும், அதனால் பழைய பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, அதன் மேலேயே புதுப் பூச்சு பிடித்துக்கொள்ளும்.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்குச் செதில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். வேட்டித் துணிக்குள் பஞ்சு வைத்து உருண்டையாகக் கட்டி, லேசாக நனைத்து, மர ரேகை போகிற திசையிலேயே இழுங்கள், நடுவில் நிறுத்தக் கூடாது. காய்ந்ததும் 320 நம்பர் உப்புத்தாளால் மெல்லத் தடவிவிட்டு அடுத்த பூச்சு. நாலைந்து பூச்சில் பளபளப்பு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்யாதீர்கள், ஈரக் காற்றில் அரக்கு வெளுத்துப்போகும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் விளக்கு கூட வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மெஷின்காரர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வருகிற கடிதங்களில் பாதி இவர்களால் கெட்டுப்போன சாமான்களைப் பற்றித்தான். மெஷின் ஓட்டினால் செதுக்கு வேலையின் விளிம்பெல்லாம் மழுங்கிப்போகும், போன மரம் திரும்பி வராது. அப்புறம் மேலே கண்ணாடி மாதிரிக் கெட்டியாக பியூ கோட்டிங் (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு) அடிப்பார்கள், அது ஓரிடத்தில் உரிந்தால் மொத்தத்தையும் எடுத்தால்தான் சரி செய்ய முடியும். அழுக்குப் போக காஸ்டிக் சோடா ஊற்றுகிறவர்களும் உண்டு, தேக்கு இன்னும் கறுத்துவிடும். பட்டறைக்கு அனுப்பினாலோ பழைய பித்தளைக் கீலும் பூட்டும் மாறி வருகிறது. யாரிடம் கொடுத்தாலும் முன்னாடியே போட்டோ எடுத்து வையுங்கள், வேலை வீட்டு வாசலிலேயே நடக்கட்டும்.

பீரோ தருகிறேன் என்பவர் எதற்காக இவ்வளவு தாராளமாக இருக்கிறார் என்று யோசியுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நடை நடந்து, இதே மாதிரிப் பெட்டிக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். 'உளுத்த மரம்மா, விறகுக்குத்தான் ஆகும்' என்று அவர் சொல்லியிருப்பார். தேக்கின் வைர மரத்தில், அதாவது நடுவில் இருக்கும் கெட்டி மரத்தில், உளு எளிதில் ஏறாது, ஓரத்து வெள்ளை மரத்திலும் பின் பலகையிலும்தான் ஓட்டை இருக்கும். ஓட்டைக்குக் கீழே புதுசாக மாவு கொட்டினால் மட்டும், உளுவைக் கொல்லும் மர மருந்தை அந்த ஓட்டைக்குள் ஊசியால் ஏற்றுங்கள்.

இப்போது அந்தப் பச்சை முக்காலி. மேலே சொன்ன எதையும் அதில் செய்யாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடெல்லாம் பரவும், தரையில் தவழ்ந்து விரலைச் சப்புகிற குழந்தைக்குத்தான் முதலில் கேடு. பெயிண்ட் உரியாமல் இருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, மேலே புது பெயிண்ட் அடித்துவிடுங்கள், போதும். உரிகிறது என்றால் வெளியே கொண்டுபோய், தண்ணீர் தொட்டுத் தொட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள், என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், வழிகிற சேற்றைப் பழைய செய்தித்தாளில் அள்ளிக் கட்டி அப்புறப்படுத்துங்கள், கிணற்றடியில் கழுவாதீர்கள். ஹீட் கன், புளோ லாம்ப் எதுவும் கூடாது. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். வீட்டு பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் புது டப்பாவுக்கு மட்டும். பழைய பெயிண்டைத் தினமும் சுரண்டிக்கொண்டிருக்கும் தொழிலாளியிடம் இதை யார் போய்ச் சொன்னார்கள்? செட்டிநாட்டு ஊர்களை 2014-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தாயிற்று, நல்லது. அப்பத்தா பெட்டியை எப்படித் துடைப்பது என்று கேட்டால் பதில் சொல்ல ஊரில் ஒரு அலுவலகம் வேண்டாமா?

டர்பன்டைன், ஸ்பிரிட், அரக்கு, உப்புத்தாள் எல்லாம் 2,000 ரூபாய்க்குள் அடங்கும். பிரம்பு பின்னுவது மட்டும் பழக்கமில்லாத கைக்கு வராது. பின்னுகிறவரை வீட்டுக்கே வரச் சொல்லி, மீதிப் பணத்தை அவருக்குக் கொடுங்கள்.