மரங்கள் அடர்ந்த புறநகரில் வாழ்வது எப்படி இருக்கும்?

வீடுகளுக்கு நடுவே பெரிய மரங்களை விட்டுவைத்திருக்கும், நகரத்தை ஒட்டிய பகுதியைத்தான் இப்படிச் சொல்கிறோம். சென்னையில் கிழக்குத் தாம்பரம் நல்ல உதாரணம். 1937இல் அங்கே குடிவந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகமே ஒரு புதர்க்காடு, மான்கூட உண்டு.

மே மாதத்தில்தான் வித்தியாசம் தெரியும். தார்ச்சாலையும் கான்கிரீட்டும் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வரை கக்கும். மர நிழலில் தரை அவ்வளவு சூடாவதே இல்லை. அப்புறம், இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டையும் எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான்.

தொல்லையும் உண்டு: சருகு, கொசு, புயல் வந்தால் மின்வெட்டு. 2016 வர்தா புயலை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மரத்தடி வீட்டில் இரவில் மூச்சு முட்டும் என்பது மட்டும் தவறு; மரம் விடும் கரியமில வாயு திறந்தவெளிக் காற்றில் கலந்துவிடும்.