விதைக் கட்டியை அகற்றிய பிறகு கீமோதெரபி வேண்டாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. கோத்தகிரி அருகே தேயிலை பயிரிடுகிறேன். ஓராண்டாக மார்பு பெருத்துவந்தது. வலது விதையில் 2 செ.மீ. கட்டி இருப்பது தெரிந்து, கோவையில் அந்த விதையை அகற்றிவிட்டார்கள். பயாப்ஸியில் 'லெய்டிக் செல் கட்டி' என்று வந்திருக்கிறது. கீமோ தேவையில்லை, பரிசோதனைக்கு வந்தால் போதும் என்கிறார் மருத்துவர். உறவினர்கள் அதை அலட்சியம் என்கிறார்கள். மலையிறங்கிப் போனால் ஒரு நாள் வேலையும் கெடுகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் மருத்துவர் சொன்னது அலட்சியமன்று, அதுவே சரியான சிகிச்சை. விதையில் வரும் பெரும்பாலான புற்றுநோய்கள் விந்தணுவை உண்டாக்கும் செல்களில் தோன்றுபவை. அவற்றுக்குக் கீமோ அருமையாக வேலை செய்யும். உங்களுடையது ஆண்மை ஹார்மோனைச் சுரக்கும் செல்களில் தோன்றியது. 1850ஆம் ஆண்டு இச்செல்களை விவரித்த ஜெர்மானியர் லெய்டிக்கின் பெயரே இதற்கு. விதைக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான் இவ்வகை. கட்டியால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் மிகுந்ததே உங்கள் மார்பு பெருத்ததற்குக் காரணமாக இருக்கலாம். நெடுநாள் பெருத்திருந்த மார்பு முழுவதும் வற்றாமல் போகலாம்; அதை நோய் திரும்பியதாக எண்ணி அஞ்ச வேண்டாம்.

பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று பரவக்கூடியது. எனவே அறிக்கையை எடுத்துப் பாருங்கள்: கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்ததா (உங்களுடையது 2 செ.மீ.தான்), இரத்தக் குழாய்க்குள் நுழைந்திருந்ததா, செல்கள் செத்துப்போன பகுதி உண்டா, செல்கள் வேகமாகப் பிரிந்தனவா என்பவற்றை மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இவை எவையும் இல்லையென்றால் அறுவை சிகிச்சையோடு குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். பரவிவிட்டால் கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் இது எளிதில் அடங்குவதில்லை. வயிற்றின் பின்புற நிணநீர்க் கணுக்களை அறுவை செய்து எடுப்பதே முதன்மையான வழி. சில வேளை பல ஆண்டுகள் கழித்தும் பரவல் தெரியவந்திருக்கிறது என்பதால்தான், ஒரு நாள் வேலை கெட்டாலும் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் போன்றவற்றை ஊட்டியிலேயே செய்து அனுப்பலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சில பயணங்களாவது மிச்சமாகும். காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் (ஆண்மை ஹார்மோன்) அளவும் அதில் இருக்கட்டும். கட்டி இருந்தபோது அடங்கிக் கிடந்த மற்ற விதை தேறச் சில மாதங்கள் ஆகலாம்.

மாதம் ஒருமுறை இடது விதையைத் தடவிப் பாருங்கள். உங்கள் ஊர்க் குளிரில் விதைப்பை சுருங்கியிருக்கும். வெந்நீரில் குளித்தவுடன் அது தளர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரி. கெட்டியாக எதுவும் தட்டுப்பட்டாலோ, முதுகுவலியோ இருமலோ வாரக்கணக்கில் நீடித்தாலோ, மார்பு மறுபடியும் பெருத்தாலோ, குறித்த தேதிக்குக் காத்திராமல் உடனே கோவைக்குச் செல்லுங்கள்.