ஸ்கேட்போட் ஓட்ட வீதி கேட்பது எப்படி?

கேள்வி: நாங்கள் ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்த ஏழெட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனுக்கு வந்து ஸ்கேட்போட் ஓட்டுவோம். கடைக்காரர்கள் விரட்டுகிறார்கள். ஒருமுறை பலகையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மாலையில்தான் தந்தார்கள். கேட்டால் "இது சட்டவிரோதம்" என்கிறார்கள். உண்மையா? வீதியில் ஓட்டும் உரிமையை நாங்கள் எப்படிக் கேட்பது?

பதில்: தம்பி, 'சட்டவிரோதம்' என்பது நம் ஊர்களில் மலிவாகக் கிடைக்கும் சொல். இலங்கையின் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இயந்திரத்தால் ஓடுவதைத்தான் மோட்டார் வாகனம் என்கிறது. காலால் உந்தி ஓட்டும் பலகைக்கு லைசனும் வேண்டாம், இன்சூரன்சும் வேண்டாம். மோட்டார் பூட்டிய பலகை என்றால் கதை வேறு; அதை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஆனால் பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி ஓட்டுவதும், வழியை மறிப்பதும் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். உங்களை விரட்டுகிறவர்களுக்கு அது ஒன்று போதும். அதனால் 'வீதி எங்கள் உரிமை' என்று பொதுவாகக் கேட்டால் தோற்பீர்கள். எந்த வீதி, எந்த நேரம் என்று சொல்லிக் கேளுங்கள்.

முதலில் அந்த வீதி யாருடையது என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் மனு எழுதுகிறவர்கள்தான் அதிகம். ஹட்டன் டவுனுக்குள்ளால் போகும் பிரதான வீதி, அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் ஏ7. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. நகரசபைத் தவிசாளர் மனம் வைத்தாலும் அதைத் தன் இஷ்டத்துக்கு உங்களுக்குத் தர முடியாது. பஸ்ஸும் கொழுந்து லொறியும் போகும் அந்த வீதியை நீங்கள் கேட்கவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உள்வீதிகள், சந்தைப் பக்கம், வாகனத் தரிப்பிடம் போன்றவை பெரும்பாலும் ஹட்டன்-டிக்கோயா நகரசபையின் கையில் இருக்கும். தோட்டத்து உள்வீதி என்றால் தோட்ட முகாமையாளரான துரையிடம்தான் போக வேண்டும்.

எது யாருடையது என்று குழப்பமா? 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகரசபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 'இந்த வீதி யார் பொறுப்பில் இருக்கிறது? சறுக்குப் பலகை (ஸ்கேட்போட்) பற்றி உங்கள் சபை போட்ட உபவிதிகளில் ஏதாவது இருக்கிறதா?' இரண்டே கேள்வி. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. உபவிதி ஒன்றும் இல்லை என்று எழுத்தில் வந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். 'சட்டவிரோதம்' என்று சொல்பவருக்கு அதையே காட்டலாம்.

அப்புறம் மனு. தேர்த் திருவிழாவுக்கு டவுன் வீதியில் வாகனங்களை நிறுத்திவைப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். முன்கூட்டியே கேட்டால், நேரம் குறித்துக் கேட்டால், பொறுப்பேற்க ஆட்கள் இருந்தால் வீதி கிடைக்கிறது. நீங்களும் அப்படியே கேளுங்கள்: ஒரு உள்வீதி, ஞாயிறு காலை 6 முதல் 8 மணி வரை, மூன்று மாதச் சோதனை. கடைகள் திறக்கும் முன்பே முடிந்துவிடும் என்பதால் கடைக்காரர்களிடமே கையெழுத்து வாங்கலாம். விரட்டியவர் ஒருவரே கையெழுத்துப் போட்டால் அது நூறு கையெழுத்துக்குச் சமம். மனுவில் பெரியவர் ஒருவர் பெயரும் இருக்கட்டும். தவிசாளருக்கு ஒரு பிரதி, பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு ஒரு பிரதி. 2023 மார்ச்சிலிருந்து உறுப்பினர்கள் இல்லாமல் கிடந்த சபைகளுக்கு 2025 மே தேர்தலில் ஆட்கள் வந்திருக்கிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினரை நேரில் போய்ப் பாருங்கள்.

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் சவுத்பேங்க் என்ற இடத்தில், ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் 1970களிலிருந்து இளைஞர்கள் சறுக்கி வருகிறார்கள். 2013இல் அங்கே கடைகள் கட்டத் திட்டம் வந்தது. அவர்கள் லண்டன் வீதிகள் எல்லாவற்றையும் கேட்கவில்லை, அந்த ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு போராடினார்கள். 2014இல் அந்த இடம் அவர்களுக்கே என்று உடன்பாடு கையெழுத்தானது.

மறுபடியும் பலகையைப் பிடுங்கினால் கைகலப்பு வேண்டாம். எடுத்தவர் பொலிஸ் என்றால் எந்தச் சட்டத்தின் கீழ் என்று மரியாதையாகக் கேட்டு, எடுத்ததற்குப் பதிவு கேளுங்கள். வேறு யாராவது என்றால் அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ள அவருக்கு அதிகாரமே இல்லை, பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். எடுத்தவர் பொலிஸ் என்றால் அதற்கு மேலே மனித உரிமைகள் ஆணைக்குழுவும் இருக்கிறது, ஆனால் மாலையில் திரும்பி வந்த பலகைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

வீதியைத் தேர்ந்தெடுக்கும்போது சரிவையும் பாருங்கள். உங்கள் பலகையில் பிரேக் இல்லை, மலை வீதி முடிவது வளைவில். நான் சபையில் இருந்தால் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். சமதளத் துண்டு எது என்று அளந்து, ஹெல்மெட் போடுவோம் என்றும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். சோதனை மாதங்களை ஜனவரி முதல் மார்ச் வரை என்று கேளுங்கள். மே மாதத்தில் தொடங்கினால் தென்மேல் பருவமழையில் பாதி ஞாயிறு வீணாகிவிடும். யாரும் வருவதில்லை என்று சொல்லி அனுமதியை நிறுத்த அதுவே காரணமாகிவிடும்.